லயத்துச் சுவரும் போன் லொக்கும்

பழைய லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு குடும்பத்தின் காம்பராவுக்கும் அடுத்த குடும்பத்தின் காம்பராவுக்கும் நடுவில் நிற்கிற சுவர் பல இடங்களில் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் அப்பா இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து மாமி "கொத்தமல்லி அவிச்சுக் குடுங்க" என்பார். அதனால் எதை வீட்டுக்குள் சத்தமாகப் பேசலாம், எதைத் தேயிலைக்குள் நடக்கும்போது மட்டும் பேசலாம் என்பது ஆறேழு வயதிலேயே நமக்குப் பழகிவிடுகிறது. அதே பிள்ளைக்குப் பதினாலு வயதில் ஒரு போன் கிடைத்தால் மட்டும் அந்தப் பழக்கம் எங்கே போகிறதோ தெரியவில்லை.

நான் ஹட்டன் பக்கம் ஒரு சின்ன டவுனில் போன் கடை வைத்திருக்கிறேன். ரீலோட், ரிப்பேர், போட்டோகொப்பி எல்லாம் உண்டு. "அண்ணே, என் அக்கவுண்ட்ட யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்று வருகிற தம்பி தங்கச்சிமாரின் போனை வாங்கிப் பார்த்தால், எங்கோ ரஷ்யாவில் உட்கார்ந்திருக்கும் ஹேக்கர் அதில் இருந்ததே கிடையாது. பழைய காதலன், கூடப் படிக்கிறவன், டியூஷன் வகுப்பு குரூப்பில் நம்பர் எடுத்தவன், போன் வாங்கிக் கொடுத்த மச்சான், சில நேரம் என்னைப் போல ஒரு கடைக்காரன். பக்கத்துக் காம்பரா ஆள்தான் எப்போதும். ஆகவே இங்கே நான் சொல்லப் போவது அந்த ஆளிடமிருந்து உங்கள் விஷயத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான்.

முதலில், உங்கள் போன் யாருடைய ஜிமெயிலில் ஓடுகிறது?

பேஸ்புக், டிக்டொக் எல்லாம் அப்புறம். செட்டிங்ஸைத் திறந்து "கூகுள்" என்பதை அழுத்துங்கள், மேலே ஒரு மின்னஞ்சல் முகவரி வரும். அது உங்களுடையதா? பாஸ்வேர்ட் உங்களுக்குத் தெரியுமா? நம்ம பக்கம் நிறையப் பேருக்குத் தெரியாது, ஏனென்றால் போன் வாங்கிய அன்று கடையில் இருந்த பையனே ஒரு ஜிமெயில் திறந்து, தனக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி ஒரு பாஸ்வேர்டும் போட்டுக் கொடுத்திருப்பான். கெட்ட எண்ணம் இல்லை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான். ஆனால் அந்தப் பாஸ்வேர்ட் வைத்திருக்கிற எவருக்கும் உங்கள் போட்டோக்கள், சேமித்த நம்பர்கள், போன் இப்போது எங்கே இருக்கிறது என்பது வரைக்கும் திறந்துதான் கிடக்கிறது.

இன்னொரு வகையும் இருக்கிறது. வெளிநாட்டில் வேலை செய்கிற சின்னம்மா லீவில் வரும்போது தன் பழைய போனைக் கொடுத்துவிட்டுப் போவார், அவருடைய கணக்கை எடுக்காமலே. ஒரு தங்கச்சி அப்படி ஒரு போனில் ஒரு வருஷம் செல்ஃபி எடுத்துத் தள்ளியிருக்கிறாள். எல்லாப் படமும் ஒன்றுவிடாமல் குவைத்தில் இருக்கிற சின்னம்மாவின் போனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் நல்ல மனுஷி, ஒரு நாள் போன் எடுத்து "அந்தச் சிவப்புச் சட்டை யாருடி?" என்று மட்டும் கேட்டாராம்.

சரி, என்ன செய்வது? கடையில் திறந்த ஜிமெயிலாக இருந்தால், அதே பக்கத்தில் கணக்கை நிர்வகிக்கிற இடத்தைத் திறந்து "பாதுகாப்பு" என்பதற்குப் போய்ப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பழைய பாஸ்வேர்டே தெரியாது என்றாலும் போனின் ஸ்கிரீன் லொக்கைப் போட்டு மாற்றக் கூகுள் பெரும்பாலும் விடும். அப்புறம் மீட்பு நம்பர் யாருடையது என்று பாருங்கள், அங்கே கடைக்காரனின் நம்பர் இருந்தால் நீங்கள் எத்தனை தடவை பாஸ்வேர்ட் மாற்றினாலும் பிரயோசனம் இல்லை. "உங்கள் சாதனங்கள்" என்பதையும் திறந்து, தெரியாத போன் இருந்தால் அதை வெளியேற்றுங்கள். வேறொருவர் கணக்காக இருந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும்: முதலில் படங்களை மெமரி சிப்புக்குக் கொப்பி பண்ணி, சிப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு கூகுள் போட்டோஸில் அழியுங்கள், பிறகு பேக்கப்பை நிறுத்துங்கள், கடைசியாகக் கணக்கை எடுங்கள். கணக்கை மட்டும் எடுத்தால் ஏற்கெனவே ஏறிய படம் அங்கேயே இருக்கும், சிப்பில் எடுத்து வைக்காமல் அழித்தால் உங்கள் போனிலிருந்தும் போய்விடும். இரண்டையும் செய்துவிட்டு அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கே ஒரு போன்தான் என்றால், அதுதான் அதிகம், வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பிட்ட உரையாடலை மட்டும் பூட்டி வைக்கிற வசதி 2023இலிருந்து இருக்கிறது, அதைப் பாவியுங்கள். சில போன்களில் தனிப் பயனர் கணக்கும் திறக்கலாம். பெற்றோர் யாராவது இதை வாசித்தால் "பிள்ளைக்கு ஒளிக்கச் சொல்லிக் கொடுக்கிறானே" என்று என்னைத் திட்டுவீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு நான் இதைச் சொல்லவில்லை. பதினாறு வயதில் தன் சிநேகிதியோடு பேசியதைத் தம்பி உரக்க வாசித்துக் காட்டினால் எந்தப் பிள்ளையும் அடுத்த தடவை உண்மையான பிரச்சினை வந்தால் உங்களிடம் சொல்லாது. பூட்டு இருக்கட்டும்.

நம்பர்

ரீலோட் கடையில் ஒரு கொப்பி இருக்கும். நம்பரை எழுதுங்கள் என்று தருவார்கள், உங்களுக்கு முன்னால் வந்த இருபது பேரின் நம்பரும் அதே பக்கத்தில் இருக்கும், பக்கத்தில் நிற்கிற பையன் எட்டிப் பார்ப்பான், அன்றைக்கு ராத்திரியே "ஹாய்" வரும். பிறகு யார் கொடுத்தது என்று ஊரெல்லாம் சண்டை. என் கடையிலும் இந்தக் கொப்பி இருந்தது, வெட்கத்தோடுதான் சொல்கிறேன், ஒரு தங்கச்சியின் அப்பா வந்து கத்திய பிறகுதான் அதைத் தூக்கி எறிந்தேன். இப்போது வருகிறவர்கள் நம்பரைத் தாங்களே என் போனில் அழுத்துகிறார்கள். நீங்கள் போகிற கடையில் கொப்பி இருந்தால் ரீலோட் கார்டாகக் கேளுங்கள், சுரண்டி நீங்களே போட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அப்பாவையோ அண்ணனையோ அனுப்புங்கள்.

டியூஷன் குரூப்பும் அதே கொப்பிதான், கொஞ்சம் பெரிசு. இருநூறு பிள்ளைகளின் நம்பர் எல்லோருக்கும் தெரியும். குரூப்பை விட்டுப் போனால் பாட நோட்ஸ் வராது, ஆகவே நம்பரை மறைக்க முடியாவிட்டாலும் நம்பரைத் தட்டினால் என்ன தெரியவேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசிக்குப் போய், புரொபைல் படம், கடைசியாகப் பார்த்த நேரம், "எபௌட்", ஸ்டேட்டஸ் எல்லாவற்றையும் "எனது தொடர்புகள்" என்று வையுங்கள். தொடர்புகள் என்றால் உங்கள் போனில் நீங்கள் சேமித்த ஆட்கள் மட்டும். குரூப்பில் நம்பர் எடுத்த ஒருவன் உங்களைச் சேமித்து வைத்திருக்கிறான் என்பதற்காக அவனுக்கு இதெல்லாம் தெரியாது. "குரூப்" என்பதிலும் அதையே போடுங்கள், அப்போது கண்டவனெல்லாம் உங்களைக் கண்ட குரூப்பில் இழுத்துப் போட முடியாது.

வாட்ஸ்அப்பிலேயே "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்றும் ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை பாருங்கள். லொக் தெரிந்த ஒருவன் உங்கள் போனை ஒரு நிமிஷம் வாங்கினால் போதும், தன் கணினியிலோ வேறு போனிலோ உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்கள் எழுதுவதை எல்லாம் உட்கார்ந்து வாசிக்கலாம். இதைக் காதல் என்று நினைத்துச் செய்கிறவன்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து அது வேவு பார்ப்பது, வேறு பெயர் கிடையாது.

வாட்ஸ்அப்பின் ஆறு இலக்கக் குறியீடு ஒன்று எஸ்எம்எஸ்ஸில் வந்து, தெரிந்த ஆளின் நம்பரிலிருந்து "தவறி உனக்கு வந்துருச்சு, அனுப்பு" என்று செய்தி வந்தால், அந்தத் தெரிந்த ஆளின் கணக்கு ஏற்கெனவே பறிபோய்விட்டது என்று அர்த்தம். அனுப்பாதீர்கள். இரட்டைச் சரிபார்ப்பைத் திறந்து ஒரு பின் நம்பரும் போட்டு வைத்தால், குறியீடு போனாலும் கணக்கு லேசில் போகாது.

நாம் சிம்மைச் சும்மா மாற்றுகிற ஆட்கள், எந்த மலையில் எந்தக் கம்பனி சிக்னல் வருகிறதோ அதற்கு ஏற்றபடி. பழைய சிம்மைப் பாவிக்காமல் விட்டால் கொஞ்ச காலத்தில் அந்த நம்பர் வேறொருவருக்குப் போகும். உங்கள் பேஸ்புக் இன்னும் அந்தப் பழைய நம்பரில் இருந்தால், பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று அழுத்தி உள்ளே வருவது புதுச் சொந்தக்காரருக்குச் சின்ன வேலை. சிம் மாற்றிய அன்றே எல்லாக் கணக்கிலும் நம்பரை மாற்றிவிடுங்கள்.

பிறந்த வருஷத்தில் பொய் சொல்லாதீர்கள்

பேஸ்புக், இன்ஸ்டா, டிக்டொக் எல்லாம் 13 வயதுக்கு மேல் என்கின்றன. எல்லோரும் என்ன செய்கிறார்கள்? வருஷத்தை உருட்டி 1990இல் விடுகிறார்கள். அதனால் கிடைக்கிற ஒரே விஷயம், நிறுவனம் உங்களை முப்பது தாண்டிய ஆளாக நினைப்பது. டிக்டொக்கில் 16 வயதுக்குக் கீழ் என்றால் கணக்குத் தானாகவே தனிப்பட்டதாக இருக்கும், முன்பின் தெரியாதவன் செய்தி அனுப்ப முடியாது. இன்ஸ்டாவும் 2024 செப்டெம்பரிலிருந்து 18 வயதுக்குக் கீழான கணக்குகளை அந்த மாதிரிப் பூட்டிய நிலைக்கு மாற்றத் தொடங்கியது. பொய் வயது போட்டவருக்கு இந்தப் பூட்டு எதுவும் கிடையாது. உண்மையான வருஷத்தைப் போடுங்கள், அதை மற்றவர்களுக்குத் தெரியாமல் "நான் மட்டும்" என்று வையுங்கள்.

டிக்டொக்கில் வேறு பெயரில் கணக்குத் திறந்தும் இரண்டு நாளில் சித்தப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, எப்படி என்று ஒருவன் கேட்டான். நம்பரைக் கொடுத்து, போனில் உள்ள தொடர்புகளையும் பார்க்க அனுமதித்தால் அது சித்தப்பாவிடம் "இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்" என்று காட்டாமல் வேறு என்ன செய்யும். பிரைவசியில் "உங்கள் கணக்கை மற்றவர்களுக்குப் பரிந்துரை" என்பதை மூடுங்கள். ஸ்னாப்சட் பாவிக்கிறவர்கள் வரைபடத்தில் இடத்தை மறைக்கிற கோஸ்ட் மோடைப் போடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் லயம் எது என்று அந்த வரைபடம் துல்லியமாகக் காட்டும்.

பேஸ்புக்கில் ஒன்றே ஒன்றுதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்: நண்பர்கள் பட்டியலை "நான் மட்டும்" என்று மறையுங்கள். மிரட்டுகிறவன் முதலில் எடுப்பது அந்தப் பட்டியலைத்தான். "உன் மாமாவுக்கு அனுப்பட்டா, உன் டீச்சருக்கு அனுப்பட்டா" என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் பயம் வரும், பட்டியல் இல்லாவிட்டால் அவனிடம் பெயர் இல்லை.

அப்புறம் அடையாள அட்டை. சாதாரண தரம் எழுதப் போகிற வயதில் அட்டை வந்ததும் பெருமையாகப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்த 12 இலக்கத்தில் முதல் நாலு உங்கள் பிறந்த வருஷம், அடுத்த மூன்று அந்த வருஷத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூடும். 2009532 என்று தொடங்கினால் 2009 பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த பெண் என்று கடையில் நிற்கிற எவரும் சொல்லிவிடலாம். பெயரை மட்டும் கறுப்படித்து நம்பரை விடுவதில் அர்த்தமில்லை. பரீட்சை முடிவு வந்த நாளில் சுட்டெண்ணோடு ஸ்கிரீன்ஷொட் போடுவதும் இந்தக் கதைதான். ஒன்பது ஏ எடுத்தால் ஒன்பது ஏ என்று எழுதிப் போடுங்கள், சந்தோஷம், சுட்டெண் எதற்கு? "கொழும்பில் வேலை, அட்டையின் இரண்டு பக்கமும் வாட்ஸ்அப் பண்ணு" என்று கேட்கிறவனுக்கு, அவன் யார், கடை எங்கே என்று தெரியாமல் அனுப்பவே வேண்டாம். அவசரக் கடன் தருகிற அப்கள் தொடர்புகளையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டால் உடனே அழியுங்கள். ஏன் கேட்கிறது என்பது தவணை பிந்திய அன்று உங்கள் சொந்தக்காரர் எல்லோருக்கும் தெரியும்.

படத்தில் என்ன தெரிகிறது

முகத்தைப் பார்க்காதீர்கள், முகத்துக்குப் பின்னால் பாருங்கள். ஸ்கூல் டையும் பேட்ஜும் இருந்தால் பாடசாலை தெரியும். பின்னால் சென்கிளேயார் நீர்வீழ்ச்சி விழுந்தால் தலவாக்கலைப் பக்கம் என்று நம்ம ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதை வைத்து எந்தத் தோட்டம் என்றுகூடச் சிலர் சொல்வார்கள். ஊர்ப் பெயரை மறைத்துவிட்டேன் என்று நினைக்கிற பிள்ளைக்கு மலை காட்டிக் கொடுத்துவிடும். திருவிழாவிலிருந்து லைவ் போடுவதற்குப் பதிலாக வீட்டுக்கு வந்த பிறகு போடுங்கள், குடும்பமே கோயிலில் நிற்கிறது, காம்பரா பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கு அறிவிக்கவேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விபரம் கழன்றுவிடும், "டொகியூமெண்ட்" ஆக அனுப்பினால் அது அப்படியே கூடப் போகும், இது பலருக்குத் தெரியாது. "ஒரு தடவை மட்டும் பார்" என்று அனுப்புவதையும் நம்பாதீர்கள், ஸ்கிரீன்ஷொட் எடுக்க விடாதுதான், ஆனால் இன்னொரு போனால் அந்தத் திரையைப் படம் எடுப்பதை யார் தடுப்பது?

இங்கே ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். மண்சரிவு, வெள்ளம், பாடசாலை தொடங்கும் மாதம் என்று வந்தால் கமராவோடு யூடியூப் ஆட்கள் வருகிறார்கள். கொப்பியும் அரிசியும் கொடுக்கிறார்கள், நல்லது. கூடவே பிள்ளையின் முகம், பெயர், தோட்டம், அப்பா குடிக்கிறார் என்பது வரை கேட்டுப் பதிவு செய்து போடுகிறார்கள். மூன்று வருஷம் கழித்து அந்தப் பிள்ளை டவுன் பாடசாலைக்குப் போனால், வகுப்பில் யாரோ அந்த வீடியோவைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. "சாமானைத் தாங்க அண்ணே, முகம் வேணாம்" என்று சொல்லலாம், பெரியவர்கள் பக்கத்தில் நின்று சொன்னால் இன்னும் நல்லது. ஏற்கெனவே போட்டுவிட்டார்கள் என்றால் யூடியூப்பிலேயே தனியுரிமை முறைப்பாடு என்று ஒன்று இருக்கிறது, முகம் தெரிகிற ஆளோ, சின்னப் பிள்ளையென்றால் பெற்றோரோ எடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

யாராவது மிரட்டினால்

இதை ஆறுதலாக வாசியுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் வாசிக்க வராது.

காசு கொடுக்காதீர்கள், இன்னொரு படமும் கொடுக்காதீர்கள். கொடுத்தவர்களிடம் அவன்கள் திரும்பி வராமல் இருந்ததை நான் பார்த்ததில்லை. பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவதுதான் நம் பிள்ளைகள் செய்கிற அடுத்த பிழை. அழிக்காதீர்கள். அவன் நம்பர், புரொபைல் முகவரி, செய்தி, திகதி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள், அதற்குப் பிறகு புளொக் பண்ணுங்கள்.

யாரிடம் சொல்வது? அம்மா அப்பாவிடம் என்று எல்லோரும் எழுதுவார்கள். நம்ம பக்கம் நிலைமை எனக்குத் தெரியும், சொன்ன அன்றே போனைப் பறித்து, சில வீட்டில் படிப்பையும் நிறுத்திவிடுவார்கள். அதனால் முதலில் ஒரு இடைப்பட்ட ஆளைப் பிடியுங்கள்: ஒரு அத்தை, ஒரு டீச்சர், பிரதேச செயலகத்தில் இருக்கிற சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். அவர்களைக் கூட்டிக்கொண்டு வீட்டில் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் 1929க்கு அழைக்கலாம், அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் நம்பர். பெண்களுக்கு 1938. கணக்குப் பறிபோனது, போலிக் கணக்கு போன்றவற்றுக்கு இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற இலங்கை சேர்ட், நம்பர் 101. உடனடி ஆபத்து என்றால் பொலிஸ் 119. ஹிதவதி என்ற சேவையும் இந்த மாதிரி ஒன்லைன் பிரச்சினைகளில் பெண்களுக்கு உதவுகிறது. பொலிஸ் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, எழுதியது விளங்காவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள், சிங்களம் தெரிந்த ஒருவரையும் கூட்டிப் போங்கள்.

படம் பரவிவிடுமோ என்ற பயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் எடுத்த படம் என்றால் "டேக் இட் டவுன்", அதற்கு மேல் என்றால் "ஸ்டொப் என்சிஐஐ" என்று இரண்டு இலவச இணையச் சேவைகள். படத்தை அங்கே அனுப்பவேண்டியதில்லை, உங்கள் போனிலேயே படத்திலிருந்து ஒரு குறியீட்டு எண்ணை மட்டும் எடுக்கும், கைரேகை மாதிரி. பேஸ்புக், இன்ஸ்டா, டிக்டொக் போன்றவை அந்த எண்ணை வைத்து அதே படத்தை ஏற்ற வரும்போது பிடிக்கும். வாட்ஸ்அப் தனிச் செய்தியில் போவதை இதனால் நிறுத்த முடியாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பையன்களுக்கு ஒரு வார்த்தை. குரூப்பில் அப்படி ஒரு படம் வந்தால் "நான் எடுக்கலையே, அனுப்பினது மட்டும்தானே" என்று சொல்லித் தப்ப முடியாது. 18 வயதுக்குக் கீழ் ஒரு பிள்ளையின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் தண்டனைச் சட்டக்கோவையின் 286ஏ பிரிவில் குற்றம். அழித்துவிட்டுக் குரூப்பை விட்டு வெளியே வாருங்கள், அந்தப் பிள்ளையைத் தெரிந்திருந்தால் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது

டிஸ்பிளே உடைந்து கடைக்கு வருகிறீர்கள். "லொக் என்ன?" என்று கேட்பார்கள், ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, போனை விட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விடுகிறீர்கள். அன்றைக்கு ராத்திரி அந்தப் போன் யார் கையில் இருக்கிறது? எங்கள் தொழிலில் நல்லவர்களும் உண்டு, மற்றவர்களும் உண்டு. முதலில் சிம்மையும் சிப்பையும் கழற்றி எடுங்கள். டிஸ்பிளே, பெட்டரி, சார்ஜ் போடுகிற இடம் மாற்றுவதற்கு லொக் தேவையே இல்லை, வேலை முடிந்ததும் நீங்களே வந்து திறந்து பார்த்துக்கொள்ளலாம். சில போன்களில், சம்சுங்கில் குறிப்பாக, ரிப்பேருக்கென்றே ஒரு மோட் இருக்கிறது, போட்டுக் கொடுத்தால் உங்கள் படமும் செய்தியும் தெரியாது. விற்பதென்றால் கூகுள் கணக்கை எடுத்துவிட்டு ஃபெக்டரி ரீசெட் பண்ணி விற்றுவிடுங்கள், படத்தை மட்டும் அழித்தால் திரும்ப எடுக்கிற மென்பொருள் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது.

லொக் கட்டாயம் வேண்டும் என்று சொன்னால் பக்கத்தில் இருந்து பார்ப்பதாகச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். என் கடையில் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு நீல ஸ்டூல் போட்டிருக்கிறேன், அதற்காகத்தான்.